நீலகிரி மலை ரயில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊட்டி போகத் திட்டம் போடுகிறவர்கள் மலை ரயிலைப் பற்றிக் கேட்கும் கேள்விகளும், ரயில் பைத்தியங்கள் கேட்கும் கேள்விகளும் இங்கே கலந்தே இருக்கின்றன. வரலாறு, எஞ்சின், பயணம் என்று தனித்தனியாகப் பிரிக்கவில்லை. இந்த ரயிலில் அவை மூன்றும் ஒன்றோடொன்று பின்னியவை.

இந்த ரயில் எங்கிருந்து எங்கே போகிறது?

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் வரை, ஏறத்தாழ 46 கிலோமீட்டர். மீட்டர் கேஜ் பாதை, அதாவது இரண்டு தண்டவாளங்களுக்கும் இடைவெளி ஒரு மீட்டர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர் உயரத்தில் கிளம்பி 2,200 மீட்டரைத் தாண்டிப் போய்ச் சேருகிறது. வழியில் 16 சுரங்கங்கள், 208 வளைவுகள், சிறிதும் பெரிதுமாக 250 பாலங்கள்.

பாதையை மூன்று துண்டாகப் பார்த்தால் எளிதில் புரியும். மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு வரை கிட்டத்தட்ட சமவெளி. கல்லாறிலிருந்து குன்னூர் வரை செங்குத்தான மலை, இங்கேதான் பல்சக்கரம் வேலை செய்கிறது. குன்னூருக்கு மேல் ஊட்டி வரை ஏற்றம் உண்டு, ஆனால் சாதாரணச் சக்கரங்களே சமாளித்துவிடும்.

ஊட்டியிலிருந்து குன்னூர் வரை போய் வந்தால் போதாதா?

நேரமே இல்லை என்றால் சரி, போய் வாருங்கள். கேத்திப் பள்ளத்தாக்கும் தேயிலைத் தோட்டங்களும் அழகானவைதான். ஆனால் மலை ரயிலில் போய்விட்டேன் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. குன்னூருக்கு மேலே பல்சக்கரம் கிடையாது, பெரும்பாலும் டீசல் எஞ்சின்தான் இழுக்கும். இந்தப் பாதையை உலகம் மதிப்பதற்குக் காரணமான அத்தனையும் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில் உள்ள சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கிறது. விடுமுறையில் ஒரு காலைப் பொழுதை ஒதுக்க முடிந்தால் அதை இதற்கே கொடுங்கள். மேட்டுப்பாளையத்தில் ஏறுங்கள்.

பல்சக்கரம் என்கிறார்களே, அது எப்படி வேலை செய்கிறது?

சாதாரண ரயில் ஓடுவது சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையே உள்ள பிடிப்பை நம்பி. இரும்பின் மேல் இரும்பு என்பதால் அந்தப் பிடிப்பு குறைவு. மும்பை பக்கம் போர் காட், தல் காட் என்ற மலைக்கணவாய்ப் பகுதிகளில் ரயில்வே ஏறும் பெரிய ஏற்றமே 37-க்கு 1 தான். அதாவது 37 அடி முன்னே போனால் 1 அடி மேலே. கல்லாறு–குன்னூர் ஏற்றம் ஏறத்தாழ 12-க்கு 1. கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அதில், அதுவும் மழை நாளில், சாதாரண எஞ்சினை விட்டால் சக்கரம் நின்ற இடத்திலேயே வழுக்கிச் சுற்றும்.

அதனால் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே, அவற்றைவிடச் சற்று உயரமாக, பல் வெட்டிய இரும்புப் பட்டைகள் இரண்டைப் பக்கம் பக்கமாகப் பதித்திருக்கிறார்கள். எஞ்சினுக்கு அடியில் இருக்கும் பல்சக்கரங்கள் அந்தப் பற்களைக் கவ்விக்கொண்டு ஏறும். இதில் நுட்பமே இரண்டு பட்டைகளின் பற்களும் நேருக்கு நேர் இல்லாமல் மாற்றி மாற்றி அமைந்திருப்பதுதான். ஒரு பட்டையில் ஒரு பல் விடுபடும் நேரத்தில் அடுத்த பட்டையில் இன்னொரு பல் நன்றாகப் பிடித்திருக்கும். பிடிமானம் ஒரு கணமும் முழுதாக விட்டுப்போகாது, ஓட்டமும் குலுங்காது.

இந்த முறையைக் கண்டுபிடித்தவர் ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளர். அதனால் இதற்கு ஆப்ட் முறை என்று பெயர். இந்தியாவில் பல்சக்கரத்தில் ஓடும் ரயில் இது ஒன்றுதான்.

கல்லாறு தாண்டியதும் கவனித்துப் பாருங்கள். பட்டை தொடங்கும் இடத்தில் வேகம் மிகவும் குறையும். பட்டையின் முதல் துண்டு வில் மேல் அமர்த்தப்பட்டது. எஞ்சினின் பல் நேராகப் பள்ளத்தில் விழாமல் பல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டாலும், அந்தத் துண்டு சற்று அமுங்கிக் கொடுத்து, பல் தன் இடத்தில் பொருந்தும்வரை தாங்கிக்கொள்ளும். அடியிலிருந்து 'கடகட' என்று ஒரு சத்தம் வரும். அதுவரை சாதாரணமாக ஓடிய ரயிலின் சத்தமும் அசைவும் அங்கிருந்து மாறிவிடும். வேகம் மணிக்கு 13 கிலோமீட்டருக்கு மேல் போகாது.

எஞ்சின் ஏன் பின்னால் இருக்கிறது?

மலை ஏறும்போது எஞ்சின் பெட்டிகளை இழுப்பதில்லை, கீழேயிருந்து தள்ளுகிறது. பாதுகாப்புக்காகத்தான். முன்னால் நின்று இழுத்தால், இணைப்பு எங்காவது அறுந்துபோனால் பெட்டிகள் மலைச்சரிவில் பின்னோக்கி ஓடிவிடும். எஞ்சின் கீழ்ப்பக்கம் இருந்தால் எல்லாப் பெட்டிகளும் அதன் மேல்தான் சாய்ந்திருக்கும். இறங்கும்போதும் எஞ்சின் அதே கீழ்ப்பக்கத்தில், அதாவது இந்த முறை முன்னால் இருக்கும். ஏறும்போது தாங்கிய எஞ்சினே இறங்கும்போதும் பெட்டிகளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வருகிறது.

அப்படியானால் ஓட்டுநருக்கு முன்னே இருப்பது எப்படித் தெரியும்?

தெரியாது. அதற்குத்தான் பிரேக்ஸ்மேன்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு பெட்டியின் முன்புறத்திலும் ஒரு சிறிய திறந்த மாடம் இருக்கிறது. அதில் பச்சைக்கொடி, சிவப்புக்கொடியோடு ஒருவர் நிற்பார். முதல் பெட்டியில் நிற்பவர்தான் வண்டியின் கண். பாறை விழுந்திருந்தாலும், மாடு நின்றாலும், யானை வந்தாலும் முதலில் பார்ப்பவர் அவரே. அவர் காட்டும் கொடியை அடுத்த பெட்டிக்காரர் பார்த்துத் தன் கொடியைக் காட்டுவார், அப்படியே கை மாறிக் கை மாறி கடைசியில் எஞ்சினில் இருக்கும் ஓட்டுநரைச் சேரும்.

கொடி காட்டுவது மட்டுமல்ல அவர்கள் வேலை. பெட்டிக்கென்று தனியாகக் கைபிரேக் உண்டு. சக்கரத்துக்கு ஒன்று, பல்பட்டையைப் பிடிக்கும் பிரேக் ஒன்று. இறங்கும் வழியில் எந்த வளைவில் எவ்வளவு பிடிக்க வேண்டும், எங்கே தளர்த்த வேண்டும் என்பது அவர்கள் கைக்குத் தெரியும். மழையும் பனியும் முகத்தில் அடிக்க அந்த மாடத்தில் நின்றுகொண்டு நூறாண்டுகளுக்கும் மேலாக இந்த வேலை நடக்கிறது. பெட்டிக்குள் இருப்பவர்கள் கண்ணாடி வழியே அருவியைப் பார்க்கிற நேரத்தில் முன்னால் நிற்கும் அந்த மனிதரின் கையையும் கொஞ்ச நேரம் பாருங்கள். இந்தப் பாதையின் பெருமையில் பாதி அங்கே இருக்கிறது.

இதை யார் கட்டினார்கள்? எவ்வளவு காலம் ஆயிற்று?

யோசனை எழுந்தது 1854-ல். ஊட்டி வரை முழுமையாக ரயில் ஓடியது 1908-ல். நடுவில் அரை நூற்றாண்டுக்கும் மேல் கழிந்துவிட்டது.

அந்தக் காலத்தில் ஊட்டிக்குப் போவது என்றால் மேட்டுப்பாளையம் வரை வந்து, அங்கிருந்து மட்டக்குதிரையிலோ பல்லக்கிலோ மாட்டு வண்டியிலோ மலைப்பாதையில் ஏற வேண்டும். வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு வெயில் காலத்தில் குளிர்ந்த மலை தேவைப்பட்டது, மதராஸ் அரசாங்கமே கோடையில் ஊட்டிக்குப் போய்விடும். தேயிலை, காப்பித் தோட்டக்காரர்களுக்குச் சரக்கைக் கீழே இறக்கியாக வேண்டும். தேவை இருந்தது, ஆனால் இந்த மலையில் எப்படி ஏறுவது என்பதுதான் தெரியவில்லை.

ஐரோப்பாவின் முதல் பல்சக்கர மலை ரயிலை ரிகி மலையில் 1871-ல் ஓட்டிக்காட்டியவர் நிக்லாவுஸ் ரிக்கன்பாக். அவரே 1882-ல் நீலகிரிக்கு வந்து பார்த்தார். திட்டம் தீட்டினார்கள், கம்பெனி ஆரம்பித்தார்கள், பணம்தான் சேரவில்லை. கடைசியில் 1891 ஆகஸ்டில் மதராஸ் கவர்னர் வென்லாக் பிரபு வேலையைத் தொடங்கி வைத்தார். அப்போது வேலையை எடுத்த கம்பெனியும் பாதியில் நொடித்துப்போனது. 1896-ல் புதிய கம்பெனி ஒன்று வாங்கி வேலையைத் தொடர்ந்தது. 1899 ஜூனில் குன்னூர் வரை வண்டி ஓடத் தொடங்கியது. 1903-ல் அரசாங்கம் பாதையை வாங்கி, ஊட்டிக்கு நீட்டும் வேலையை எடுத்துக்கொண்டது. 1908 அக்டோபரில் ஊட்டி சேர்ந்தது.

வரலாறு எழுதும்போது கவர்னர்களின் பெயரும் கம்பெனிகளின் பெயரும்தான் நிற்கின்றன. பர்லியாருக்கும் குன்னூருக்கும் இடையில் பாறையைக் குடைந்தவர்கள், மலேரியாக் காட்டில் கூடாரம் போட்டுப் படுத்தவர்கள், கூடையில் மண் சுமந்தவர்கள் எல்லாரும் பெயரில்லாமல் போய்விட்டார்கள். ஜன்னல் வழியே கீழே தெரியும் பள்ளத்தையும் எதிரே நிற்கும் செங்குத்துப் பாறையையும் பார்த்தால் அவர்கள் செய்தது எவ்வளவு பெரிய வேலை என்று தெரியும்.

எஞ்சின்கள் எங்கிருந்து வந்தவை?

முதலில் வந்தவை இங்கிலாந்தின் 'பேயர் பீகாக்' நிறுவனம் கட்டியவை. ஆனால் நீலகிரி மலை ரயில் என்றதும் மனதில் வரும் நீல நிற எஞ்சின் எக்ஸ் வகை. சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் உள்ள எஸ்.எல்.எம். ஆலை கட்டியது. 1914-ல் தொடங்கி 1925 வரை ஒரு தொகுதியும், சுதந்திரத்துக்குப் பிறகு 1952-ல் இன்னொரு தொகுதியுமாக வந்தன.

இந்த எஞ்சினுக்கு நான்கு சிலிண்டர்கள். பக்கத்துக்கு இரண்டு, ஒன்றின் மேல் ஒன்று. சமதளத்தில் ஓடும்போது கீழே உள்ள இரண்டு மட்டும் வேலை செய்து சாதாரணச் சக்கரங்களைச் சுழற்றும். பல்பட்டைக்குள் நுழைந்ததும் ஓட்டுநர் ஒரு வால்வைத் திருப்புவார். கீழ்ச் சிலிண்டரில் வேலை செய்துவிட்டு வெளியேறப் போகும் நீராவி வீணாகாமல் மேல் சிலிண்டருக்குப் போய் பல்சக்கரங்களைச் சுழற்றும். ஒரே நீராவிக்கு இரண்டு வேலை. குன்னூர் ஏற்றத்தில் பக்கவாட்டில் இரண்டு அடுக்காகக் கம்பிகள் இயங்குவதைப் பிளாட்பாரத்தில் நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்வது சட்டென்று புரியும். பார்க்காதவர்கள் வழியில் உள்ள ஹில்குரோவ் நிலையத்தில் வண்டி கிளம்பும்போது எஞ்சின் பக்கம் பாருங்கள்.

பழைய சுவிஸ் எஞ்சின்கள் தேயத் தேய, அதே வடிவில் புதியவற்றைத் திருச்சி பொன்மலைப் பணிமனையில் கட்டத் தொடங்கினார்கள். 2011 முதல் எண்ணெயில் எரியும் எஞ்சின்களும், 2021-ல் நிலக்கரியில் எரியும் எஞ்சினும் அங்கிருந்து வந்தன. நூறாண்டுக்கு முந்தைய வடிவமைப்பை, உதிரி பாகம் செய்கிற கம்பெனியே இல்லாத காலத்தில், பாய்லர் முதல் பல்சக்கரம் வரை நம் தொழிலாளர்கள் செய்து ஓட்டிக்காட்டினார்கள். பொன்மலைக்காரர்களுக்கு இதற்குக் கிடைத்த பாராட்டு போதாது என்பது என் எண்ணம்.

இப்போது நிலக்கரியா, ஆயிலா?

இரண்டாயிரங்களின் தொடக்கத்திலிருந்து எஞ்சின்களை எண்ணெய்க்கு மாற்றினார்கள். பர்னஸ் ஆயில் எஞ்சின் என்று ஊர்க்காரர்கள் சொல்வது இதைத்தான். நல்ல நிலக்கரி கிடைப்பது கடினமானது, மூட்டை மூட்டையாக அள்ளிப்போடும் ஃபயர்மேன் வேலை கடுமையானது, கோடையில் பறக்கும் நெருப்புப் பொறி காட்டுக்கு ஆபத்து. நிலக்கரிப் புகையின் வாசனையைத் தேடி வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஏமாற்றம்தான். என்னைக் கேட்டால் காடு எரியாமல் இருப்பது முக்கியம்.

ஆசியாவிலேயே மிகச் செங்குத்தான ரயில் பாதை இதுதானா?

எல்லா இடத்திலும் அப்படித்தான் எழுதுகிறார்கள், ஆனால் அது சரியல்ல. நீலகிரியின் ஏற்றம் 8 சதவீதத்துக்குச் சற்று மேல். ஜப்பானில் ஓயிகாவா ரயில்வேயின் இகாவா பாதையில், ஓர் அணை கட்டியதால் 1990-ல் மாற்றி அமைத்த பகுதியில், 9 சதவீத ஏற்றம் இருக்கிறது. அங்கும் ஆப்ட் முறைதான். வியட்நாமில் தா லாத் மலைக்குப் போன பல்சக்கர ரயில் 12 சதவீதம் ஏறியது, போர்க்காலத்தில் நின்றுபோனது.

இந்தியாவிலேயே மிகச் செங்குத்தானது என்று சொன்னால் போதும், அது உண்மை. நீராவியில், அன்றாடம், டிக்கெட் எடுத்த பயணிகளை ஏற்றிக்கொண்டு இத்தனை ஆண்டுகளாக இந்த மலையில் ஏறுகிற ரயிலுக்குப் பொய்ப் பட்டம் எதற்கு?

டார்ஜிலிங், சிம்லா ரயில்களும் இதுவும் ஒன்றா?

மூன்றும் யுனெஸ்கோ பட்டியலில் 'இந்திய மலை ரயில்கள்' என்ற ஒரே தலைப்பில் இருக்கின்றன. டார்ஜிலிங் 1999-லும், நீலகிரி 2005-லும், கால்கா–சிம்லா 2008-லும் சேர்ந்தன. ஆனால் மூன்றும் மலையைக் கையாண்ட விதம் வேறு. டார்ஜிலிங் பாதை இரண்டடி அகலக் குறும்பாதை. வட்டமடித்தும், முன்னும் பின்னுமாக இசட் வடிவில் போயும் ஏறுகிறது. சிம்லா பாதை நூற்றுக்கும் மேற்பட்ட சுரங்கங்கள் வழியாக ஏற்றத்தை நீட்டி நிதானமாக்கிக்கொள்கிறது. நீலகிரியில் அப்படிச் சுற்றிப் போக இடமில்லை. மலையை நேராகப் பல்லால் பிடித்து ஏறினார்கள்.

மழைக்காலத்தில் அடிக்கடி ரத்து செய்கிறார்களே?

வடகிழக்குப் பருவமழைதான் இந்தப் பாதையின் பெரிய எதிரி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை கல்லாறு–குன்னூர் பகுதியில் மண் சரியும், பாறை உருளும், மரம் விழும். 1993 நவம்பரில் மரப்பாலம் பக்கம் நடந்த நிலச்சரிவை இந்தப் பகுதி மக்கள் இன்னும் மறக்கவில்லை. தண்டவாளத்தில் விழுந்த பாறையை அகற்றினால் மட்டும் போதாது. நடுவில் உள்ள பல்பட்டை ஓரிடத்தில் வளைந்திருந்தாலும் எஞ்சின் ஏற முடியாது, அதனால் பாதை முழுவதையும் ஆட்கள் நடந்து பார்த்துச் சரிசெய்த பிறகே வண்டி விடுவார்கள். இந்த மாதங்களில் வருகிறவர்கள் மாற்று ஏற்பாட்டோடு வாருங்கள். ரத்தான நாளில் நிலையத்தில் நின்று ஊழியர்களோடு சண்டை போடுவதில் அர்த்தமில்லை.

பஸ் இரண்டு மணி நேரத்தில் போகிறது. நஷ்டத்தில் ஓடும் ரயில் எதற்கு?

கணக்குப் பார்த்தால் செலவுதான் அதிகம், அதை யாரும் மறைக்கவில்லை. ஆனால் இது நின்றால் நிற்பது ஒரு வண்டி மட்டுமில்லை. பல்பட்டையைப் பராமரிக்கத் தெரிந்த கேங்மேன், பிரேக் பிடிக்கத் தெரிந்த பிரேக்ஸ்மேன், நான்கு சிலிண்டர் எஞ்சினைப் பிரித்துக் கோர்க்கத் தெரிந்த குன்னூர் ஷெட் ஃபிட்டர் எல்லாரும் ஒரு தலைமுறையில் இல்லாமல் போவார்கள். இந்த வேலை புத்தகத்தில் படித்து வருவதில்லை. மூத்தவர் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்வது. எஞ்சினை அருங்காட்சியகத்தில் நிறுத்தி வைக்கலாம், அந்தக் கைப்பழக்கத்தை அங்கே நிறுத்தி வைக்க முடியாது.

வழியில் என்னவெல்லாம் பார்க்கலாம்?

கல்லாறு வரை பாக்குத் தோப்புகள். அப்புறம் அடர்ந்த காடு, யானைகள் நடமாடும் இடம், தண்டவாளத்துக்கே வந்து நிற்பதும் உண்டு. அடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு என்று வரும் சிறு நிலையங்களில் ஏறி இறங்க ஆள் இருக்காது, எஞ்சின் தண்ணீர் குடிக்கத்தான் நிற்கும். குன்னூர் நெருங்க நெருங்கத் தேயிலை வந்துவிடும். அதற்கு மேல் ராணுவ ஊரான வெலிங்டன், வெடிமருந்துத் தொழிற்சாலை உள்ள அரவங்காடு, கேத்தி, பள்ளிக்கூடத்தால் பெயர்பெற்ற லவ்டேல், அடுத்தது ஊட்டி.

டிக்கெட் எப்படி எடுப்பது? எந்த இடத்தில் உட்கார்ந்தால் நல்லது?

மற்ற ரயில்களைப் போலவே ரயில்வேயின் இணையதளத்தில் முன்பதிவு செய்யலாம். பெட்டிகள் குறைவு, கேட்பவர்கள் அதிகம். ஏப்ரல், மே மாதங்களுக்கும் பண்டிகை விடுமுறைக்கும் பதிவு திறந்த உடனே எடுத்துவிடுங்கள். மேட்டுப்பாளையத்தில் வண்டி கிளம்புவது காலை 7.10 அளவில், ஊட்டி சேர ஏறத்தாழ ஐந்து மணி நேரம். சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு நீலகிரி எக்ஸ்பிரஸ் வசதி, விடியற்காலையில் மேட்டுப்பாளையத்தில் இறக்கிவிடும். கிளம்பும் முன் நேரத்தையும் வண்டி ஓடுகிறதா என்பதையும் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எஞ்சின் பின்னால் இருப்பதால் ஏறும்போது முதல் பெட்டிக்கு முன்னே எதுவும் மறைக்காது. கிடைத்தால் அதுதான் சிறந்த இடம். கிடைக்காவிட்டால் கடைசிப் பெட்டி. எஞ்சினின் மூச்சை அங்கேதான் பக்கத்தில் கேட்கலாம்.

குழந்தைகளோடும் வயதானவர்களோடும் போகலாமா?

தாராளமாக. பெட்டிக்குள் கழிப்பறை கிடையாது, அதனால் மேட்டுப்பாளையத்திலும் குன்னூரிலும் மறக்காமல் போய்வந்துவிடுங்கள். கீழே வியர்த்தாலும் மேலே குளிரும், ஸ்வெட்டர் கையில் இருக்கட்டும். ஹில்குரோவில் இறங்கி டீ குடிக்கலாம், ஆனால் அங்கே குரங்குகள் அதிகம். தின்பண்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்காதீர்கள், அவற்றுக்கு எதையும் கொடுக்கவும் வேண்டாம். பிளாஸ்டிக் பையையோ பாட்டிலையோ ஜன்னல் வழியே வீசாதீர்கள். அந்தச் சரிவில் இறங்கி அதை எடுக்க யாராலும் முடியாது, யானைதான் மிதிக்கும் அல்லது தின்னும். எஞ்சின் விசில் அடித்ததும் ஏறிவிடுங்கள், வண்டி மெதுவாகத்தானே போகிறது என்று ஓடி ஏற முயல வேண்டாம்.